கொறிணிகளின் நோயெதிர்ப்பு மரபணுக்கள்

கொறிணிகளின் நோயெதிர்ப்பு மரபணுக்கள் என்பவை எலி, சுண்டெலி, பெருச்சாளி, அணில் முதலிய கொறிக்கும் விலங்குகளின் உடலில், நோய்க்கிருமிகளை இனங்கண்டு எதிர்க்கும் புரதங்களை ஆக்குவதற்கான மரபணுக்கள் ஆகும். பாலூட்டிகளின் மரபணுக்களுள் மிக விரைவாக மாறிவருபவற்றில் இவையும் அடங்கும். ஒரே இனத்தைச் சேர்ந்த இரு எலிக்கூட்டங்கள் வெவ்வேறு ஊர்களில் சில பத்தாண்டுகள் வெவ்வேறு நோய்களுக்கு உள்ளானால், அவற்றின் எதிர்ப்பாற்றலும் வேறுபட்டுவிடக் கூடும். இதற்குத் தொடக்ககால எடுத்துக்காட்டுகளுள் ஒன்று இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், சென்னை எலிகளையும் பம்பாய் எலிகளையும் பிளேக் கிருமியைக் கொண்டு சோதித்தபோது கிடைத்தது.

கொறிணிகளும் சென்னையும்

பாலூட்டி இனங்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு கொறிணிகளே. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இருப்பினும், நோயெதிர்ப்பு மரபணுக்கள் விரிவாக ஆராயப்பட்டவை இரண்டு மட்டுமே. ஒன்று வீட்டுச் சுண்டெலி (மஸ் மஸ்குலஸ்), மற்றொன்று பழுப்பெலி (ராட்டஸ் நார்வெஜிகஸ்). சுண்டெலியின் மரபணுத்தொகை வரைவு 2002 ஆம் ஆண்டிலும் பழுப்பெலியினது 2004 ஆம் ஆண்டிலும் வெளியாயின. சுண்டெலிக்கு 20 இணை நிறப்புரிகளும் பழுப்பெலிக்கு 21 இணை நிறப்புரிகளும் உள்ளன. மனித மரபணுத்தொகையோடு ஒப்பிட்டபோது, சுண்டெலியில் சில மரபணுக் குடும்பங்கள் மட்டும் பெருகியிருப்பது தெரிந்தது. அவை பெரும்பாலும் மோப்பம், இனப்பெருக்கம், நோயெதிர்ப்பு ஆகிய மூன்றோடு தொடர்புடையவை.

சென்னையில் கூரைகளிலும் பரண்களிலும் தென்னை மரங்களிலும் வாழ்வது வீட்டெலி எனப்படும் கறுப்பெலி (ராட்டஸ் ராட்டஸ்). நிலத்தைக் குடைந்தும் சாக்கடை ஓரங்களிலும் வாழ்பவை பெருச்சாளிகள். மயிலாப்பூர், மாம்பலம் போன்ற பழைய குடியிருப்புகளில் இவ்விரு வகையும் சுண்டெலியும் ஒரே தெருவில் இருப்பதுண்டு. பிள்ளையாரின் ஊர்தியாகத் தமிழ் வழக்கில் கூறப்படும் மூஞ்சூறு தோற்றத்தில் எலியை ஒத்ததாயினும் கொறிணி அன்று. அது பூச்சியுண்ணும் வேறொரு வரிசையைச் சேர்ந்தது. ஆகவே இக்கட்டுரையில் கூறப்படுபவை மூஞ்சூறுக்குப் பொருந்தா.

அமைப்பு

திசுப்பொருத்தத் தொகுதி

நோயெதிர்ப்பு மரபணுக்களுள் முதன்மையானது முதன்மைத் திசுப்பொருத்தத் தொகுதி (எம்.எச்.சி) ஆகும். இது சுண்டெலியில் எச்-2 என்றும், பழுப்பெலியில் ஆர்.டி1 என்றும், மனிதரில் எச்.எல்.ஏ என்றும் பெயர் பெறும். எச்-2 தொகுதி 17 ஆம் நிறப்புரியிலும் ஆர்.டி1 தொகுதி 20 ஆம் நிறப்புரியிலும் அமைந்துள்ளன. 1936 ஆம் ஆண்டில் இலண்டனில் பீட்டர் கோரர் என்பவர், சுண்டெலிகளில் ஒட்டப்பட்ட கட்டி ஏற்கப்படுவதும் மறுக்கப்படுவதும் குருதியணுக்களின் மேற்பரப்பிலுள்ள ஒரு பொருளைச் சார்ந்தது எனக் கண்டார். அமெரிக்காவின் சாக்சன் ஆய்வகத்தில் சியார்ச் சினெல் இதை மேலும் ஆராய்ந்து 1980 ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கோரர் 1961 ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டார்.

இத்தொகுதியின் பெயர் சற்றுத் தவறான எண்ணத்தைத் தரக்கூடியது. ஒரு விலங்கின் திசுவை மற்றொன்றில் ஒட்டுவது மருத்துவர் செய்யும் வேலை. இயற்கையில் அது நிகழ்வதில்லை. இப்புரதங்களின் உண்மையான பணி, உயிரணுவுக்குள் உள்ள புரதங்களின் சிறு துண்டுகளை எடுத்து உயிரணுவின் மேற்பரப்பில் காட்டி நிற்பதாகும். டி உயிரணுக்கள் அத்துண்டுகளைப் பார்வையிடுகின்றன. துண்டு உடலுக்குச் சொந்தமானதாயின் அவை கடந்து செல்லும். தீநுண்மியினுடையதாயின் அந்த உயிரணு அழிக்கப்படும். டி உயிரணுக்கள் துண்டைத் தனியாக அன்றி, திசுப்பொருத்தப் புரதத்தோடு சேர்த்தே இனங்காண்கின்றன என்பதை 1974 ஆம் ஆண்டில் ஆத்திரேலியாவில் பீட்டர் தோர்ட்டி, உரோல்ஃப் சிங்கர்நாகல் ஆகிய இருவரும் சுண்டெலிகளைக் கொண்டு காட்டினர். இதற்காக 1996 ஆம் ஆண்டு அவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இத்தொகுதியில் மூன்று வகை மரபணுக்கள் உள்ளன. வகை I மரபணுக்கள் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் செயற்படுவன. வகை II மரபணுக்கள் நோயெதிர்ப்பு உயிரணுக்கள் சிலவற்றில் மட்டும் செயற்படுவன. வகை III பகுதியில் குருதியின் நிரப்புப் புரதங்கள் போன்ற பிறவற்றுக்கான மரபணுக்கள் உள்ளன. மனிதரில் வகை I மரபணுக்கள் அனைத்தும் தொகுதியின் ஒரு முனையில் அமைந்துள்ளன. சுண்டெலியிலும் எலியிலும் அவை இரு முனைகளிலும் காணப்படுகின்றன. சுண்டெலியில் எச்-2கே ஒரு முனையிலும், எச்-2டி மறுமுனையிலும், வகை II, வகை III மரபணுக்கள் இடையிலும் உள்ளன. இவ்விரு விலங்குகளின் பொது மூதாதையில் வகை I மரபணுக்களுள் ஒரு பகுதி இடம்பெயர்ந்து மறுபுறம் சென்றதே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது.

இந்த இடப்பெயர்வுக்கு ஒரு விளைவும் உண்டு. எலியில் வகை I மரபணுவான ஆர்.டி1-ஏ, புரதத் துண்டுகளை ஏற்றிச் செல்லும் கடத்திப் புரதத்தின் மரபணுவுக்கு அருகில் வந்தமைந்தது. அருகருகே உள்ள மரபணுக்கள் பெரும்பாலும் பிரியாமல் சேர்ந்தே மரபுவழி கடத்தப்படும். எனவே கடத்திப் புரதம் எவ்வகைத் துண்டுகளைக் கொண்டுவருகிறதோ, அவற்றுக்கேற்ற எதிருருவே ஆர்.டி1-ஏ இடத்தில் காணப்படுகிறது. இவ்விரு மரபணுக்களும் இணைந்து படிவளர்ச்சி அடைந்தன என்பர்.

இயற்கைக் கொல்லி உயிரணுக்களின் ஏற்பிகள்

வகை I புரதத்தைக் காட்டாமல் ஒளிந்துகொள்ளும் உயிரணுக்களைத் தேடி அழிப்பவை இயற்கைக் கொல்லி உயிரணுக்கள் ஆகும். இதற்கென அவை கொண்டுள்ள ஏற்பிகள் சுண்டெலியிலும் எலியிலும் எல்.ஒய்49 என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. மனிதரில் இக்குடும்பத்தில் எஞ்சியிருப்பது செயலிழந்த ஒரே ஒரு மரபணுவே. மனிதரில் அதே பணியைச் செய்யும் ஏற்பிகள் அமைப்பில் முற்றிலும் வேறான மற்றொரு குடும்பத்திலிருந்து உருவானவை. ஒரே தேவைக்கு இரு கிளைகள் வெவ்வேறு பொருள்களைக் கொண்டு ஒரே தீர்வை எட்டியமைக்கு இது நல்ல சான்றாகும்.

எல்.ஒய்49 மரபணுக்களின் எண்ணிக்கை ஓர் இனத்துக்குள்ளேயே மாறுபடும். சி57பிஎல்/6 என்னும் ஆய்வகச் சுண்டெலி வகையில் போலி மரபணுக்கள் உட்பட 15 உள்ளன. பால்ப்/சி வகையில் 8 மட்டுமே. எலியில் முப்பதுக்கும் மேல். இந்த எண்ணிக்கை வேறுபாட்டுக்கு மருத்துவப் பொருளும் உண்டு. முதல் வகையில் உள்ள எல்.ஒய்49எச் என்னும் ஏற்பி, சுண்டெலியின் சைட்டோமெகலோ தீநுண்மியின் புரதம் ஒன்றை நேரடியாகப் பற்றிக்கொள்வதால் அவ்வகை அந்நோயிலிருந்து பிழைக்கிறது. அந்த மரபணு இல்லாத பால்ப்/சி எளிதில் நோயுறுகிறது.

பிற மரபணுக்கள்

டோல் வகை ஏற்பிகள் பல கிருமிகளுக்கும் பொதுவான பொருள்களைக் கண்டறிவன. சுண்டெலியில் உள்ள டிஎல்ஆர்11, 12, 13 ஆகியன மனிதரில் செயற்படுவதில்லை. மனிதரில் உள்ள டிஎல்ஆர்10 சுண்டெலியில் சிதைந்துள்ளது. ஆனால் எலியில் சிதையவில்லை. பாக்டீரியாவின் மேலுறைப் பொருளை உணர்வது டிஎல்ஆர்4 என்பது, அம்மரபணுவில் பிழையுள்ள சுண்டெலி வகை ஒன்றைக் கொண்டு 1998 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது.

பிறபொருளெதிரிகளின் மரபணுக்கள் துண்டு துண்டாக இருந்து, உயிரணு முதிரும்போது ஒன்றுசேர்க்கப்படுகின்றன என்பதும் சுண்டெலியிலேயே முதலில் தெரியவந்தது. சுசுமு தொனெகாவா 1976 ஆம் ஆண்டில் இதை நிறுவினார்.

படிவளர்ச்சி

சுண்டெலியும் எலியும் 1.2 கோடி முதல் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை என மதிப்பிடப்படுகிறது. இக்காலத்தில் பல நோயெதிர்ப்பு மரபணுக்கள் இரட்டித்தும் சிதைந்தும் மறைந்தும் வந்துள்ளன. இரட்டித்த படி ஒன்று புதிய கிருமிக்கு எதிராகப் பயன்பட்டால் நிலைக்கிறது. பயன்படாவிடில் போலி மரபணுவாகித் தேய்கிறது.

திசுப்பொருத்தத் தொகுதியில் வியக்கத்தக்கது எதிருருக்களின் மிகுதியாகும். பெரும்பாலான மரபணுக்களுக்கு ஓர் இனத்தில் ஓரிரு எதிருருக்களே பரவலாக இருக்கும். காட்டுச் சுண்டெலிக் கூட்டங்களிலோ எச்-2கே, எச்-2டி ஆகியவற்றுக்கு மிகப் பல எதிருருக்கள் உள்ளன. 1988 ஆம் ஆண்டில் ஆசுட்டின் இயூசு, மசதோசி நெய் ஆகியோர் மனிதர், சுண்டெலி ஆகியோரின் வகை I மரபணுக்களை ஒப்பிட்டனர். புரதத் துண்டு வந்தமரும் பிளவுப் பகுதியில் மட்டும், புரதத்தை மாற்றும் மரபணு மாற்றங்கள் மாற்றாதவற்றைவிட மிகுதியாக இருந்தன. மாற்றம் நிகழ்வது வெறும் தற்செயலாயின் இவ்வாறு இருக்க இயலாது. வேறுபட்டிருப்பதையே இயற்கைத் தேர்வு அங்கு விரும்புகிறது என்பது இதன் பொருள். இரு வேறு எதிருருக்கள் உள்ள விலங்கு கூடுதலான கிருமித் துண்டுகளைக் காட்ட வல்லது; அரிதான எதிருருவுக்கு எதிராகக் கிருமி இன்னும் பழகியிருக்காது. இவ்விரு காரணங்களும் சேர்ந்தே செயற்படுகின்றன எனலாம்.

அதே ஆண்டில் யான் கிளைன் குழுவினர் மற்றொன்றைக் காட்டினர். வகை II மரபணு ஒன்றில் சுண்டெலியின் சில எதிருருக்கள், பிற சுண்டெலிகளின் எதிருருக்களைவிட எலியின் எதிருருக்களையே மிகவும் ஒத்திருந்தன. அதாவது இவ்வேறுபாடு சுண்டெலி, எலி என்னும் பிரிவுக்கும் முந்தியது. இனம் பிரிந்த பின்னும் கோடி ஆண்டு காலம் அழியாமல் எதிருருக்கள் காக்கப்பட்டு வந்துள்ளன.

இவற்றுக்கு மாறாக, ஆய்வகச் சுண்டெலிகளில் வேறுபாடு மிகக் குறைவு. உடன்பிறந்தவற்றையே தலைமுறை தலைமுறையாக இணைத்து உருவாக்கப்பட்டவை அவை. இன்ஃபுளுவென்சாவைத் தடுக்கும் எம்.எக்சு1 மரபணு பெரும்பாலான ஆய்வக வகைகளில் செயலிழந்துள்ளது. காட்டுச் சுண்டெலிகளில் அது செயற்படும் நிலையில் காணப்படுகிறது. ஆய்வகச் சுண்டெலியில் கண்டதை எல்லாக் கொறிணிகளுக்கும் ஏற்றிக் கூறுவது அதனால் ஆபத்தானது. வீட்டுச் சுண்டெலியின் தாயகத்தை இந்தியத் துணைக்கண்டத்தின் வடபகுதியை ஒட்டியதாகப் பல ஆய்வாளர் கருதுகின்றனர். இந்தியாவில் வாழும் கேசுட்டேனியசு துணையினத்தில் மரபணு வேறுபாடு மேலைநாட்டுச் சுண்டெலிகளில் இருப்பதைவிட மிகுதி.

சென்னை எலிகளும் பிளேக் நோயும்

மேற்கூறிய மாற்றங்கள் பல இலட்சம் ஆண்டுகளில் நிகழ்ந்தவை. சில ஆண்டுகளிலேயே இயற்கைத் தேர்வு எலிகளின் எதிர்ப்பாற்றலை மாற்றியதாகக் கருதப்படும் நிகழ்வு ஒன்று இந்தியாவில் பதிவாகியுள்ளது.

பிளேக் அடிப்படையில் கொறிணிகளின் நோயாகும். எலியிலிருந்து எலிக்கு அதைக் கடத்துவது தெள்ளுப்பூச்சி. எலி இறந்தபின் தெள்ளுப்பூச்சி மனிதரைக் கடிக்கும்போது மனிதருக்கும் நோய் வருகிறது. 1896 ஆம் ஆண்டில் பம்பாயில் தோன்றிய பிளேக் அடுத்த கால் நூற்றாண்டில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. சென்னை மாகாணத்தின் உட்பகுதிகளான சேலம், கோயம்புத்தூர், பெல்லாரி ஆகியனவும் பாதிக்கப்பட்டன. பின்னாளில் கம்பம் பள்ளத்தாக்கும் பிளேக் நிலைகொண்ட இடமாக ஆராயப்பட்டது. ஆனால் துறைமுகமும் தொடர்வண்டிப் போக்குவரத்தும் தானியக் கிடங்குகளும் நிறைந்த சென்னை நகரில் வெளியூரிலிருந்து நோயாளிகள் வந்தபோதிலும் பிளேக் வேரூன்றவில்லை.

1905 ஆம் ஆண்டில் இந்தியாவில் பிளேக் ஆய்வுக்குழு ஒன்று பணியைத் தொடங்கியது. பல ஊர்களிலிருந்து பிடித்துவரப்பட்ட எலிகளுக்கு ஒரே அளவில் பிளேக் கிருமியைச் செலுத்தி, எத்தனை இறக்கின்றன என அக்குழு ஒப்பிட்டது. 1910களின் தொடக்கத்தில் வெளியான முடிவுகள் தெளிவாக இருந்தன. பிளேக் கடுமையாகத் தாக்கிய பம்பாய் போன்ற ஊர்களின் எலிகளில் பெரும்பகுதி பிழைத்தது. சென்னை எலிகளோ மிக எளிதில் நோயுற்று இறந்தன. 1930களில் பம்பாயின் ஆப்கின் நிறுவனத்தில் நடந்த ஆய்வுகளும் ஊருக்கு ஊர் எதிர்ப்பாற்றல் வேறுபடுவதைக் காட்டின.

முதற்பார்வையில் இது முரணாகத் தோன்றும். எதிர்ப்பாற்றல் உள்ள எலிகள் வாழ்ந்த பம்பாயில் பிளேக் பரவியது. எதிர்ப்பாற்றல் இல்லாத எலிகள் வாழ்ந்த சென்னையில் பரவவில்லை. எதிர்ப்பாற்றலைக் காரணமாகக் கொள்ளாமல் விளைவாகக் கொண்டால் முரண் நீங்கும். பம்பாயில் ஆண்டுதோறும் வந்த பிளேக், எளிதில் இறக்கும் எலிகளை நீக்கிவிட்டது. தற்செயலாக எதிர்ப்பு மரபணுக்களைப் பெற்றிருந்தவை பிழைத்துப் பெருகின. எலிக்கு ஆண்டொன்றுக்கு இரண்டு மூன்று தலைமுறைகள் எனக் கொண்டால், 1896 ஆம் ஆண்டு முதல் 1911 ஆம் ஆண்டு வரையிலான பதினைந்து ஆண்டுகளில் 30 முதல் 45 தலைமுறைகள் கடந்திருக்கும். மனிதரில் இது எண்ணூறு, ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒப்பாகும். சென்னை எலிகளுக்கு இத்தகைய வடிகட்டல் நேரவில்லை.

அவ்வாறாயின் சென்னையைக் காத்தது எது என்னும் வினா எழுகிறது. விடை எலியின் உடலுக்குள் இல்லை, அதன் மயிரில் இருந்தது. பிளேக்கைத் திறம்படக் கடத்துவது செனோப்சில்லா கியோப்பிசு என்னும் தெள்ளுப்பூச்சி. கிருமி அதன் குடல்வாயை அடைத்துக்கொள்வதால், பசித்த பூச்சி மீண்டும் மீண்டும் கடித்துக் கிருமியைக் கக்குகிறது. 1911 ஆம் ஆண்டில் தனி இனமாக விவரிக்கப்பட்ட செனோப்சில்லா ஆசுட்டியாவில் இந்த அடைப்பு குறைவாகவே ஏற்படுகிறது. கொழும்பில் பணியாற்றிய எல். எஃப். இர்சுட்டு, அந்நகர எலிகளில் ஆசுட்டியாவே மிகுந்திருப்பதைக் கண்டு, பிளேக்கின் பரவல் தெள்ளுப்பூச்சியின் இனத்தைப் பொறுத்தது என்னும் கருத்தை முன்வைத்தார். சென்னையிலும் ஆசுட்டியாவே மிகுதி. கிண்டியிலுள்ள கிங் நிறுவனத்தைச் சேர்ந்த எச். எச். கிங், சி. ஜி. பண்டிட் ஆகிய இருவரும் சென்னை மாகாணம் முழுதும் நடந்த எலித் தெள்ளுப்பூச்சிக் கணக்கெடுப்பின் சுருக்கத்தை 1931 ஆம் ஆண்டில் வெளியிட்டு, பூச்சி இனங்களின் பரவலைத் தட்பவெப்பத்தோடும் பிளேக்கோடும் தொடர்புபடுத்தினர். (நிறுவனத்தின் பெயர் இந்தக் கிங்கைக் குறிப்பதன்று. அது மாகாணத்தின் முன்னாள் சுகாதார ஆணையரான டபிள்யூ. ஜி. கிங்கின் பெயரால் அமைந்தது.)

பிடிபட்ட எலிகளைச் சோதிப்பதில் ஒரு குறைபாடும் உண்டு. பம்பாய் எலி முன்பே பிளேக் வந்து பிழைத்ததாக இருந்தால், அதன் எதிர்ப்பாற்றல் மரபுவழி வந்ததாக இல்லாமல் அதன் வாழ்நாளில் ஈட்டப்பட்டதாக இருக்கலாம். நோயே காணாமல் ஆய்வகத்தில் பிறந்த குட்டிகளைச் சோதித்தால்தான் ஐயம் தீரும்.

மடகாசுக்கரில் தொடர்ந்த ஆய்வு

இந்தச் சோதனை தெளிவாக நடந்த இடம் மடகாசுக்கர் தீவாகும். அங்குப் பிளேக் 1898 ஆம் ஆண்டில் துறைமுகம் வழியாக வந்து, 1921 ஆம் ஆண்டில் நடுமேட்டு நிலத்தை எட்டி நிலைத்துவிட்டது. தாழ்நிலங்களில் அது தங்கவில்லை. மேட்டுநிலக் கறுப்பெலிகள் தாழ்நிலக் கறுப்பெலிகளைவிடப் பிளேக்கைப் பன்மடங்கு தாங்குவன. ஆய்வகத்தில் பிறந்த அவற்றின் குட்டிகளிலும் இப்பண்பு காணப்பட்டதால், இது மரபுவழிப்பட்டது என்பது 2003 ஆம் ஆண்டில் உறுதியானது. பம்பாயும் சென்னையும் காட்டிய அதே வேறுபாடு ஒரே தீவின் இரு பகுதிகளில் மீண்டும் தோன்றியுள்ளது.

பொறுப்பான மரபணு எது என்பதில் தேடல் தொடர்கிறது. வெண்குருதியணுக்களின் மேலுள்ள சிசிஆர்5 என்னும் ஏற்பியின் மரபணு வேறுபாட்டுக்கும் பிளேக் எதிர்ப்புக்கும் தொடர்பு இருக்கலாம் என 2008 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. சுண்டெலியின் உறவினமான மஸ் சிப்ரீட்டசிலிருந்து பெறப்பட்ட வகை ஒன்று பிளேக்கை நன்கு தாங்குகிறது. பாரிசின் பாசுச்சர் நிறுவனத்தில் அதை ஆராய்ந்தபோது, எதிர்ப்பாற்றல் ஒரே மரபணுவால் அன்றி வெவ்வேறு நிறப்புரிகளிலுள்ள மூன்று பகுதிகளால் வருவது தெரிந்தது.

எலிக்காய்ச்சலும் டிஎல்ஆர்4 மரபணுவும்

பிளேக் வேரூன்றாத சென்னையில், எலிகளோடு தொடர்புடைய முதன்மையான நோய் எலிக்காய்ச்சல் ஆகும். லெப்டோசுபைரா என்னும் சுருள்வடிவப் பாக்டீரியா எலியின் சிறுநீரக நுண்குழல்களில் தங்கிப் பல மாதங்கள் சிறுநீரோடு வெளியேறும். வடகிழக்குப் பருவமழையின்போது தெருக்களில் தேங்கும் நீரிலும், பக்கிங்காம் கால்வாய், அடையாறு ஆகியவற்றின் கரையோரத் தாழ்விடங்களிலும் அது கலக்கிறது. கால் புண்கள் வழியாகவும் கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் மென்சவ்வு வழியாகவும் மனித உடலுக்குள் நுழைகிறது. மனிதரில் சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்பட்டு இறப்பும் நேரலாம். எலிக்கோ நோய்க்குறி எதுவும் தோன்றுவதில்லை.

இது பிளேக்கில் கண்டதற்கு மாறான உறவாகும். பிளேக் எலியைக் கொல்வதால் எதிர்க்கும் மரபணுக்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. லெப்டோசுபைராவை எலி முற்றாக ஒழிப்பதும் இல்லை, அதனால் வருந்துவதும் இல்லை; பொறுத்துக்கொண்டு வாழ்கிறது. கொறிணிகளுக்கும் மனிதருக்கும் இடையிலான வேறுபாட்டின் ஒரு பகுதி டிஎல்ஆர்4 மரபணுவில் உள்ளது. இக்கிருமியின் மேலுறைப் பொருளைச் சுண்டெலியின் டிஎல்ஆர்4 உணர்கிறது. மனித டிஎல்ஆர்4 உணர்வதில்லை என்பது 2005 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் கூறப்பட்டது. மனிதரில் டிஎல்ஆர்2 என்னும் மற்றோர் ஏற்பியே அதை உணர்கிறது. டிஎல்ஆர்4 மரபணுவில் பிழையுள்ள சுண்டெலிகளுக்கு இக்கிருமியைச் செலுத்தினால், பிற சுண்டெலிகள் பிழைக்கும் அளவிலேயே அவை இறந்துவிடுகின்றன.